லைட் எஞ்சின் ஓடிய மாரி

சூறாவளி அடித்த வருடத்தில் பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்தவர்கள் இப்போது நம்மில் எத்தனை பேர் மிச்சம் என்று தெரியவில்லை. இருப்பவர்களுக்கு அந்த மணம் மறந்திருக்காது. விழுந்து கிடந்த தென்னைகளின் குருத்து அழுகிப் புளித்து, ஊர் முழுக்க ஒரே மணம். தெருவில் நடக்க வழியில்லை. மரத்துக்கு மரம் ஏறி இறங்கித்தான் குர்ஆன் ஓத ஓதப்பள்ளிக்குப் போனோம். கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, கம்பிகள் வேலிகளின் மேல் தொங்கின. பாண்டிருப்புப் பக்கமும் அப்படித்தான், ஒலுவில் பக்கமும் அப்படித்தான் என்று வந்தவர்கள் சொன்னார்கள். கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த மாரி முழுக்க நம் ஊர் இருட்டில் கிடந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் லைட் எரிந்தது. உங்களில் சிலர் அதைப் பார்க்க வந்து எங்கள் வேலியோரம் நின்றிருக்கவும் கூடும்.

சூறாவளிக்குப் பிறகு, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த கிழமையில்தான் என் ராத்தாவுக்கு, மூத்த சகோதரிக்கு, பிள்ளை கிடைத்தது. தலைப்பிள்ளை, ஆண். அவவுக்கும் எனக்கும் இடையில் வயது வித்தியாசம் அதிகம். எனக்கு அவ பாதி உம்மா என்று சொல்லலாம். நம்ம வழக்கப்படி கலியாணத்துக்குப் பிறகும் அவ எங்கள் வீட்டில்தான் இருந்தா. மாப்பிள்ளைக்கு, என் மச்சானுக்கு, அம்பாறையில் வேலை. பாதையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் கிழமைக்கொரு தரம் வருவதே அவருக்குப் பெரும்பாடு.

வீட்டுக் கூரையில் பாதி போய்விட்டது. ராத்தாவின் அறையில் மட்டும் ஓடுகள் தப்பியிருந்தன. ஆனால் ஜன்னல் கதவு இரண்டையும் காற்றுக் கொண்டு போயிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் காற்றுப் படக்கூடாது என்று வாப்பா ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்தார். அதன் மேல் படங்கு போட்டு மூடினார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் தெரிந்த நீக்கல்களில் உம்மா சாக்கைக் கிழித்துத் திணித்தா. விரல் நுழைய இடமில்லை. அறைக்குள் போனால் வெளியே மழை பெய்வதே கேட்காது. வேது வைத்த இலையின் வாசமும் சாம்பிராணிப் புகையும் பிள்ளையின் பால் மணமும் சேர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். வீட்டில் ஈரமில்லாத இடம் அது ஒன்றுதான். எனக்கு அங்கேயே கிடக்க ஆசை.

உம்மாவுக்குக் கவலை எல்லாம் இருட்டைப் பற்றித்தான். பிள்ளை பெற்ற வீடு, சூறாவளியில் மௌத்தானவர்களை அடக்கி ஈரம் காயாத ஊர், மஃரிப் தொழுகைக்குப் பிறகு கை தெரியாத இருட்டு. குப்பி விளக்கை வைத்துக்கொண்டு அவ படும் பயத்தைக் கண்டுதான் மாமா லைட் எஞ்சினைக் கொண்டு வந்தார்.

மாமா, உம்மாவின் தம்பி, கலியாண வீடுகளுக்கு லைட்டும் லவுட்ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிறவர். அந்த மாரியில் யார் கலியாணம் முடிக்கப் போகிறார்கள்? சும்மா கிடந்த எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றி, மேலே பாய் போட்டு மூடிக் கொண்டு வந்து இறக்கினார். சிவப்பு டாங்கி, கயிறு சுற்றி இழுக்கும் சக்கரம், பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும். முதல் நாள் அதை முற்றத்தில் வைத்துத்தான் ஓட்டினார்கள். தடதடவென்று சத்தம் கிளம்பி, ராத்தாவின் அறைக்குள் பல்ப் மெல்லச் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பிறகு வெள்ளையானதை நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தா பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, அவன் கண்ணைச் சுருக்குவதைக் கண்டு சிரித்தா.

இரண்டு மூன்று நாள் அப்படி ஓடியது. பிறகு மழை சாய்ந்தடிக்கத் தொடங்கியது. எஞ்சின் நனைந்தால் பழுதாகிவிடும், முற்றத்தில் கிடந்தால் களவு போய்விடும் என்று வாப்பா அதை அறைக்குப் பின்னால் இருந்த சாய்ப்புக்குள் தள்ளிக்கொண்டு போய் வைத்தார். சாய்ப்பென்றால் விறகு போட்டு வைக்கும் ஒரு பத்தி. அறையின் பின்சுவரோடு ஒட்டியது. மூன்று பக்கமும் தகரம் அடித்து அதையும் மூடினார்.

“புகை போக வழி வைங்க மச்சான்” என்று வாப்பாவிடம் சொன்னார் மாமா.

வாப்பா தகரத்தின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டார். எஞ்சினை ஓட விட்டு, அறைக்குள் வந்து நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். “புகையும் இல்ல, ஒண்டும் இல்ல. மண்ணெண்ணெய்தான் லேசா மணக்கி.” அந்த நாளில் எந்த வீடுதான் மண்ணெண்ணெய் மணக்கவில்லை?

அறைக்கும் சாய்ப்புக்கும் இடையில் இருந்த சுவரின் உச்சியில், காற்றுக்கென்று கட்டும்போதே விட்ட நாலைந்து ஓட்டைகள் இருந்தன. அதை யாரும் நினைக்கவில்லை. லைட் வயரே அதில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வந்தது.

ராத்தா முதன்முதலில் கேட்டது அதற்கடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ. மஃரிப் தொழுதுவிட்டு உம்மா அறைக்குள் போனா. நான் கட்டிலுக்குக் கீழே பாயில் இருந்தேன்.

“உம்மா, அந்தப் பொம்பிள ஆரு?” என்றா ராத்தா.

“எந்தப் பொம்பிள?”

“இப்ப போனா. கால்மாட்டில இரிந்திட்டு.”

உம்மா என்னைப் பார்த்தா. யாரும் வரவில்லை என்று நான் தலையாட்டினேன். கனாக் கண்டிருப்பாய் என்று சொல்லி உம்மா ராத்தாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. காய்ச்சல் இல்லை. “தல இடிக்கி” என்று ராத்தா கண்ணை மூடிக்கொண்டா.

மறுநாளும் அந்தப் பொம்பிளை வந்தா. அதற்கு மறுநாளும் வந்தா. ராத்தா அவவைப் பற்றிச் சொன்னதெல்லாம் எனக்கு இப்போதும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. வெள்ளைச் சீலை. நனைந்த தலைமுடி. கதைக்க மாட்டா. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பா. எழும்பிப் போகும்போது கட்டில் மேலெழும்புவது தெரியும் என்றா ராத்தா. எழுந்து போகிறவளுக்குப் பாரம் இருக்கிறது என்ற அந்தச் சொல்லைக் கேட்டு உம்மா ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினா.

நான் பொய் சொல்லப் போவதில்லை. அந்த அறையில் எனக்கும் கேட்டது. எஞ்சின் சத்தத்துக்கு அடியில், தண்ணீருக்குள் இருந்து கூப்பிடுவது போல, என் பெயர். ஒருமுறை இல்லை, பலமுறை. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. காதுக்குள் பஞ்சு அடைத்தது போல இருக்கும். காலை எடுத்து வைத்தால் தரை ஒரு விரற்கடை கீழே போய்விட்டது போலத் தோன்றும். வீட்டுப் பூனை வாசற்படி வரை வந்து அறைக்குள் பார்க்கும், உள்ளே வராது. சுவரின் உச்சியில் இருந்த பல்லிகள் ஒவ்வொன்றாகக் கட்டில் துணியின் மேல் விழுந்தன. தொட்டால் அசையவில்லை. உம்மா அவற்றை விளக்குமாற்றால் கூட்டி எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டா.

வாப்பா போய்ப் பள்ளிவாசலில் ஓதும் லெப்பையைக் கூட்டிக்கொண்டு வந்தார். வயதானவர், நல்ல மனிசன். அறை வாசலில் நின்று ஓதிப் பார்த்தார். இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரம் நிறுத்தினார்.

“இந்தச் சத்தத்தில எனக்கு ஓத ஏலாது. மிசின நிப்பாட்டுங்க” என்றார். பிறகு, “கதவையும் திறந்து விடுங்க. உள்ளுக்கு இரிக்கிறதுக்கு வெளிய போக வழி வேணுமே” என்றார்.

எஞ்சினை நிறுத்தினார்கள். அறைக் கதவு, நடுக் கதவு, முன் வாசல் எல்லாம் திறந்தன. மழைக் காற்று வீட்டுக்குள் ஓடியது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் அவர் நெடுநேரம் ஓதினார். ஓதி முடிப்பதற்குள் ராத்தாவின் கண் தெளிந்துவிட்டது. தலையிடி போய்விட்டது. பசிக்கிறது என்றா. பிள்ளையும் எழும்பி வீடு அதிர அழுதான். அவன் அப்படி அழுது நாட்களாகியிருந்தது. நல்ல அமைதியான பிள்ளை என்று பார்க்க வந்தவர்கள் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மனிசன் செய்தது சரிதான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர் சொன்னபடி அதன் பிறகும் செய்திருந்தால் போதும். ஆனால் நாங்கள் கண்டது ஓதலை. எஞ்சின் நின்றதையோ கதவு திறந்ததையோ அல்ல. அவர் ஓதிய நூலை ராத்தாவுக்குக் கட்டிவிட்டுப் போனார். அடுத்த சில நாட்கள் கடைகளில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, எஞ்சின் ஓடவில்லை. ராத்தா சுகமாக இருந்தா. நூலில் இருந்த அருள், அதன் பறக்கத்து என்றா உம்மா.

மண்ணெண்ணெய் வந்தது. எஞ்சின் ஓடியது. அந்தப் பொம்பிளையும் வந்தா.

இந்தத் தரம் உம்மா ஒரே முடிவாகச் சொன்னா. “இருட்டு இரிந்தாத்தான் அதுகள் வரும். ஒரு மூலையிலயும் இருட்டு இரிக்கக்குடாது.” மாமா இன்னும் இரண்டு பல்ப் கொண்டுவந்து மாட்டினார். பிள்ளையின் ஏணைத் தொட்டிலுக்கு மேல் ஒன்று, கட்டிலின் கால்மாட்டில் ஒன்று. அறை கலியாண வீடு போல எரிந்தது. எஞ்சினைப் பின்னேர அசர் தொழுகை முடிந்ததுமே கிளப்பத் தொடங்கினார்கள். கதவு பூட்டியே கிடந்தது. ராத்தாவுக்குப் பயம் கூடக் கூட நாங்கள் வெளிச்சத்தைக் கூட்டினோம்.

மச்சான் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். அறைக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

“மாமி, ஜன்னல்ல ரெண்டு பலகையக் கழட்டினா என்ன? உள்ளுக்கு மூச்சு முட்டுது.”

“பெத்து நாப்பது நாள் முடியல்ல மகன். சளி புடிச்சிட்டா ஆரு பாக்கிற?”

அவர் மாமியாரோடு மல்லுக்கு நிற்கிற மனிசன் இல்லை. அப்படியே இருந்துவிட்டுச் சனிக்கிழமை போய்விட்டார். போகும்போது வாசலில் ராத்தா அவரிடம், “அடுத்த முற வரக்குள்ள சீனிப் பணியாரம் வாங்கிக்கு வாங்க” என்று சொன்னது எனக்குக் கேட்டது. காலை நேரம், எஞ்சின் ஓடாத நேரம். அவ சாதாரணமாகத்தான் இருந்தா.

அந்தப் பின்னேரம் வானம் வழமையைவிடக் கறுத்துவிட்டது. பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு வாப்பா எஞ்சினைக் கிளப்பிவிட்டார். காற்று வடக்கிலிருந்து சாய்ப்புப் பக்கமாக அடித்தது. தகரத்தின் அடியால் மழைத் தண்ணீர் உள்ளே போகிறது என்று வாப்பா அவர் விட்ட அந்த ஒரு சாண் இடைவெளியையும் தென்னை மட்டையால் அடைத்துவிட்டு, முன் முற்றத்தில் விழுந்த மரத்தைத் தறிக்கப் போனார். உம்மா குசினியில். நான் ஓதப்பள்ளியில்.

நான் நனைந்துகொண்டு வந்தபோது தெரு பின்னேரத்திலேயே இருட்டியிருந்தது. எங்கள் வீட்டு ஓட்டு இடுக்குகளால் வெளிச்சம் கசிந்தது. எஞ்சின் சத்தம் வழமையைப் போல ஒரே சீராக இல்லை, இழுத்து இழுத்து ஓடியது. வெளிச்சமும் அதோடு சேர்ந்து பெரிதாகிச் சிறிதாகியது. வீடு மூச்சு விடுவது போல இருந்தது.

“ராத்தாக்கு இஞ்சித் தண்ணி ஆத்தி வெச்சிரிக்கன், குடு போ” என்றா உம்மா.

கதவைத் தள்ளினேன். சூடு முகத்தில் அடித்தது. மூன்று பல்ப்பும் எரிந்துகொண்டிருந்தன. ராத்தா சுவரில் சாய்ந்து இருந்தா. கண் பாதி திறந்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. மடியில் பிள்ளை. அவவின் இரண்டு கையும் முன்னால் நீண்டு, உள்ளங்கை மேலே பார்த்தபடி, வெறுமையாகக் கட்டிலில் கிடந்தன.

“ராத்தா” என்றேன்.

“அவ கேட்டா” என்றா ராத்தா, மெதுவாக, நித்திரையில் கதைப்பவள் போல. “குடுத்திட்டன்.”

பிள்ளையைத் தொட்டேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தான். கோப்பை என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. உம்மா வந்து பிள்ளையைத் தூக்கியது, அவன் தலை பின்னால் சாய்ந்தது, வாப்பா ஓடி வந்து ராத்தாவை அப்படியே தூக்கிக்கொண்டு முற்றத்து மழைக்குள் இறங்கியது, எல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரோ பாங்கு சொன்னார்கள். மழை முகத்தில் விழ விழ ராத்தா வாந்தி எடுத்தா. பிறகு கண்ணை நன்றாகத் திறந்து, சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்து, அதே வசனத்தை இன்னொரு முறை தெளிவாகச் சொன்னா. “அவ கேட்டா. நான் குடுத்திட்டன்.”

ஊர் கேட்டது அது.

பிள்ளையைக் குளிப்பாட்டிய பெண்கள் பயந்துபோனார்கள். மையித்தென்றால் வெளிறியிருக்க வேண்டும். அவன் உதடும் கன்னமும் செம்பரத்தைப் பூப் போலச் சிவந்திருந்தன. உயிர் இருக்கிறதோ என்று திரும்பத் திரும்ப மூக்கில் கை வைத்துப் பார்த்தார்கள். “குடுத்த புள்ள, அதான் அப்பிடி” என்று ஒருத்தி குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. உம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

லைட் எஞ்சினை மாமா மறுநாளே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மௌத்து வீட்டில் அந்தச் சத்தம் வேண்டாம் என்று வாப்பா சொல்லியிருந்தார். ராத்தாவிடம் அந்தப் பொம்பிளை அதன் பிறகு வரவில்லை. எடுக்க வந்ததை எடுத்துவிட்டா, இனி ஏன் வரப்போகிறா என்று ஊரில் சொன்னார்கள்.

மச்சான் ராத்தாவை விட்டுப் போகவில்லை. அவருடைய உம்மா வேறு பெண் பார்க்கச் சொல்லியும் போகவில்லை. பிறகு அவர்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கலியாணமும் முடித்தார்கள். ஆனால் நம்ம தெருவில் பிள்ளை பெற்ற ஒரு வீட்டுக்கும் ராத்தாவை யாரும் கூப்பிடவில்லை. அவவும் போகவில்லை. நான் என் மகனைப் பெற்றபோது கூப்பிட்டேன். வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “அல்லாஹ் ஹயாத்தக் குடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனா.

அந்த மகன்தான் சமீபத்தில் எனக்கு இதையெல்லாம் திருப்பி நினைக்க வைத்தவன். நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு மூச்சு வாங்கும் வருத்தம், ஃபேன் இல்லாமல் ஏலாது. அவன் ஒரு ஜெனரேட்டர் வாங்கிக்கொண்டு வந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது.

“குசினிக்குப் பின்னால ஒதுக்கில வை மகன், நனையும்” என்றேன்.

அவன் கேட்கவில்லை. வளவின் கடைசியில், கிணற்றுக்கும் அப்பால் கொண்டு போய் வைத்தான். நாலு பக்கமும் திறந்தபடி மேலே மட்டும் ஒரு தகரம் கட்டினான். புகைக்குழாயை வீட்டுக்கு மறுபக்கமாகத் திருப்பினான். நீள வயர் இழுத்து வந்தான்.

“இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?”

“உள்ளுக்கு வெச்சா ஆக்கள் மௌத்தாகிருவாங்க உம்மா. இந்தப் புகையில ஒரு நச்சுக் காத்து இரிக்கி. கண்ணுக்கும் தெரியாது, மணக்கவும் செய்யாது. முதல்ல தல இடிக்கும். மறுகா இல்லாத சத்தமெல்லாம் கேக்கும், இல்லாத ஆக்களெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மறுகா நித்திர வரும். அவ்வளவுதான்.”

வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான். நான் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். மச்சான் கழற்றச் சொன்ன இரண்டு பலகைதான் முதலில் நினைவில் வந்தது.

ராத்தாவிடம் சொல்லியாக வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது. இத்தனை காலம் ஒரு கொலைகாரியைப் போல வாழ்ந்தவ. சுனாமியில் கடல் அந்தப் பழைய வீட்டைக் கொண்டு போன பிறகு அவ ஊருக்கு உள்பக்கமாகக் கட்டிக் கொடுத்த வீட்டில் இருக்கிறா. மச்சான் மௌத்தாகி வருடங்களாகிவிட்டன. மகன் என்னை ஆட்டோவில் கொண்டு போய் இறக்கிவிட்டு வெளியே நின்றான். காலை நேரம். எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. காற்றுக்குத் திரைச்சீலைகள் கூரையைத் தொட்டுத் தொட்டு இறங்கின. நான் முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். எஞ்சின், தகரம், சுவர் ஓட்டைகள், பல்லிகள், லெப்பை கதவைத் திறக்கச் சொன்னது, பிள்ளையின் சிவந்த முகம். ஒன்றையும் விடவில்லை.

ராத்தா குறுக்கிடாமல் கேட்டா. பிறகு, “மிசினச் சாய்ப்புக்க கொண்டு வெச்சது மாமாவா?” என்று கேட்டா.

“இல்ல. வாப்பாதான். நனையும் எண்டு.”

“ஜன்னல அடைச்சது?”

“அதுவும் வாப்பாதான். நீக்கல்ல சாக்குத் திணிச்சது உம்மா.”

அவ கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருந்தா. “இத வேற ஆருக்கிட்டயும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. ரெண்டு பேரும் கபுறுல கிடக்காங்க. அவங்கட தலயில இதக் கட்டாத.”

“உங்கட தலயில கட்டிக்கிட்டு இரிந்தீங்களே ராத்தா, இவ்வளவு காலமும்.”

அவ சிரித்தா. “நீ ஒரு விசயம் நினைச்சிக்கிட்டு வந்திரிக்காய். எனக்கு ஆறுதலா இரிக்கும் எண்டு. நீ சொல்றது சரியா இரிக்கும். ஒன்ட மகன் படிச்சவன். ஆனா அப்பிடி எண்டா, என்ட புள்ள புகையில மூச்சு முட்டி மௌத்தாகின புள்ள. அவ்வளவுதான், இல்லயா?”

காற்றில் மேலே வந்து விழுந்த திரைச்சீலையை நான் ஒதுக்கிவிட்டேன்.

“அந்தப் பொம்பிள வாறவ இப்பயும்” என்றா ராத்தா. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்கிற குரலில் சொன்னா. “அந்த மிசினும் இல்ல, புகையும் இல்ல. ஜன்னலெல்லாம் திறந்துதான் கிடக்கும். ஒன்ட மச்சான் மௌத்தானதுக்குப் பொறகுதான் திருப்பி வரத் தொடங்கினா. என்ட புள்ளயயும் கூட்டிக்கிட்டு வருவா. நல்ல உசரம். வாப்பாட மூக்கு. நான் கிட்டப் போக மாட்டன், கூப்பிடவும் மாட்டன். இரிந்து பாத்துக்கிட்டு இரிப்பன். நல்லாத்தான் வளத்திரிக்கா.”

நான் எழும்பும்போது அவ என் கையைப் பிடித்து வாசல் வரை வந்தா. கை சூடாக, உலர்ந்து இருந்தது. ஆட்டோவில் ஏறி, தெரு முனை திரும்பும் வரை நான் பின்னால் பார்க்கவில்லை.

“பெரியம்மா எப்பிடி இரிக்கா?” என்று மகன் கேட்டான்.

“சுகமா இரிக்கானாம்” என்றேன்.

“ஆரு உம்மா?” என்றான் அவன்.